ஒரு டம்ளர் சிரியாநங்கை

நாகம்மாளுக்குத் தன் புருஷன்மேல் வந்திருந்த கோபத்தை அள்ளிக் கொட்ட நெய்வேலியில் இருந்த மெஷின் எதுவும் போதாது. மண்ணை வெட்ட மெஷின், வெட்டிய மண்ணைச் சுமந்துபோக பெல்ட், பூமிக்கடியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைக்க பம்ப் என்று எல்லாம் இருந்த ஊர்தான் அது. இந்த ஒரு மனுஷனை வழிக்குக் கொண்டுவரத்தான் ஒன்றும் இல்லை.

பின்னே என்ன? விடிவதற்குள் எழுந்து, சிரியாநங்கை இலையை அலசி, நாலு டம்ளர் தண்ணீரை ஒரு டம்ளராகச் சுண்டவைத்து, வடிகட்டி, ஆற்றிக் கையில் கொடுக்கிறாள். அவரும் குடிக்கிறார். ஏதோ அவர் சொத்தை எழுதி வாங்கியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு குடித்தாலும், குடித்துவிடுகிறார். அப்படியும் உடம்பில் சர்க்கரை இறங்கவில்லை. இறங்காததோடு நில்லாமல் ஏறியும் இருந்தது. வீட்டில் மருந்து ஒழுங்காக நடக்கிறதென்றால் கோளாறு வெளியில்தானே இருக்க வேண்டும்? வெளியில் என்றால் மைன்ஸ் கேண்டீன். இதுதான் நாகம்மாள் கண்டுபிடித்த உண்மை. கண்டுபிடித்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவளுக்கு இல்லை.

பரமசிவம் சுரங்கத்தில் பக்கெட் வீல் மெஷின் ஓட்டுகிறவர். உடன்குடிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, மெஷினுக்கு கிரீஸ் போடுகிறவராகச் சேர்ந்து, ஹெல்பராகி, கடைசியில் மேலே கேபினில் ஆபரேட்டர் சீட்டில் உட்கார்ந்தார். அந்த சீட்டில் உட்காருகிறவனுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் சுரங்கத்தின் விளிம்பில் நிறுத்தி, கீழே தூரத்தில் மண்ணைக் கடித்துக்கொண்டிருக்கும் ராட்சதச் சக்கரத்தைக் காட்டி, "அதுதான் நம்ம வண்டி" என்பார். நம்ம வண்டி என்று சொல்லும்போது அவருக்குக் குரலே மாறிவிடும்.

அந்த சீட்டுக்குத்தான் இப்போது ஆபத்து. வருஷாந்தர மெடிக்கலில் ரத்தத்தில் சர்க்கரை இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். "பயப்பட வேண்டாம், ஆரம்பம்தான்" என்றாள் டாக்டரம்மா. "சாப்பாட்டைக் கட்டுப்படுத்தினாலே இறங்கிடும். மாசம் ஒரு தடவை வந்து காட்டுங்க. மூணு தடவை பார்ப்போம். அப்பவும் இறங்கலேன்னா மாத்திரை ஆரம்பிக்கணும், மெஷின்லயும் உக்கார விட முடியாது. மேலே உங்களுக்கு மயக்கம் வந்தா கீழே நிக்கிறவங்க கதி என்னாகிறது?"

மெஷினிலிருந்து இறக்கினால் ஸ்டோர்ஸ். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிற வேலை. பரமசிவத்துக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. நாகம்மாளுக்கோ வேறு யோசனையே இல்லை. இந்த மனுஷனை அந்த சீட்டிலிருந்து யாரும் இறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜாம்பாள்தான் சிரியாநங்கையைக் கொண்டுவந்தவள். சேத்தியாத்தோப்புக்காரி. நிலவேம்பு என்று சொல்கிறார்களே, அதேதான். அவள் ஊரில் அது வரப்போரம் கேட்பாரில்லாமல் மண்டிக் கிடக்கும்.

"எங்க மாமனாரு இதத்தாங்கக்கா குடிச்சிகினு இருக்காரு. சக்கர வியாதின்னு டாக்டரு சொன்னதுலருந்து ஒரு நாளு விட்டதில்ல. இன்னிக்கும் கயனிக்குப் போயி வரப்பு அண்டை வெட்டிகினுதான் இருக்காரு. வெறும் வயித்துல குடுங்க, நல்லா கேக்கும்" என்று ஒரு கட்டு கொடுத்தாள். தீரத்தீர ஊருக்குப் போய்வருகிறவர்களிடம் சொல்லி வரவழைத்தும் கொடுத்தாள்.

நாகம்மாள் அன்றைக்கே வெள்ளைச் சீனியை வீட்டைவிட்டுத் துரத்தினாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளைகளுக்குக்கூடக் கிடையாது. அண்ணன் வீட்டிலிருந்து ஓலைக் கொட்டானில் வந்திருந்த உடன்குடிக் கருப்பட்டி இருக்க, இந்த ஆலைச் சீனி எதற்கு? அவள் பிறந்த ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கருப்பட்டி, இருமலுக்குக் கருப்பட்டி, வயிற்று வலிக்குக் கருப்பட்டி. எந்தக் கஷாயம் கொடுத்தாலும் அது தொண்டையில் இறங்கியதும் நாக்கில் ஒரு துண்டு கருப்பட்டி வைத்தால்தான் மருந்து முடிந்ததாக அர்த்தம். அதன்படியே செய்தாள். கஷாயம், கருப்பட்டித் துண்டு, பிறகு கருப்பட்டிக் காப்பி. ஒரு குறை இல்லை.

சிரியாநங்கையின் கசப்பு லேசுப்பட்டதல்ல. பாகற்காய், வேப்பிலை எல்லாம் அதன் முன்னால் கைகட்டி நிற்க வேண்டும். பரமசிவம் முதல் நாள் ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

"ஏட்டி, இது மருந்தா, இல்ல என்னைக் கொல்லப் பாக்குதியா?"

"குடிங்க. மெஷின்ல உக்காரணுமா வேண்டாமா?"

மெஷின் பேச்சை எடுத்தால் மனுஷன் மறுபேச்சுப் பேச மாட்டார். குடித்தார். அந்தக் கசப்பு மதியம் வரைக்கும் அடிநாக்கில் உட்கார்ந்திருந்தது. சோறு கசக்கிறது, தண்ணீர் கசக்கிறது, வெற்றிலை கசக்கிறது என்று புலம்பினார். சி ஷிப்ட் வாரத்தில் அது இன்னொரு ரகளை. ராத்திரி முழுக்க மெஷின் ஓட்டிவிட்டுக் காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே டம்ளரோடு மறிப்பாள். தூங்கி எழுந்துதான் குடிப்பேன் என்பார் அவர். விடிந்ததும்தான் குடிக்க வேண்டும் என்பாள் அவள். ஷிப்டுக்காரனுக்கு விடிவது எப்போது என்று இருவரும் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டு ராஜாம்பாள் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பாள்.

முதல் மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை ஏறியிருந்தது. நாகம்மாள் இலையைக் கூட்டினாள். கசப்பும் கூடியது. கசப்பு கூடினால் பாவம் மனுஷன் எப்படித் தாங்குவார் என்று கருப்பட்டித் துண்டையும் கொஞ்சம் பெரிதாக உடைத்தாள். இரண்டாம் மாதம் இன்னும் ஏறியிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு கேண்டீன் ஞாபகம் வந்தது.

கேண்டீனில் பரிமாறுகிற வேணு அதே பிளாக்கில் பின் தெருவில் குடியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் அவனை வழிமறித்தாள்.

"தம்பி, உண்மையச் சொல்லு. எங்க வீட்டு அவுக கேண்டீன்ல என்ன திங்காக?"

"ஒண்ணுமில்லீங்கக்கா. டீகூட சர்க்கரை இல்லாம வாங்கித்தான் குடிக்கிறாரு."

"நீயும் அவுக கூட்டுதானா?" என்றாள் நாகம்மாள். வேணு திருதிருவென்று முழித்தான். முழித்ததே அவளுக்குச் சாட்சியாகிவிட்டது.

அதன்பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. ஷிப்டு முடிந்து வரும் சட்டைப் பையை மோந்து பார்த்தாள். பஜாரில் பார்க்கிறவர்கள், பால் வாங்க நிற்கிறவர்கள் என்று எல்லோரிடமும் சொன்னாள். "நான் இங்க மருந்தைக் காய்ச்சுதேன், இவுக அங்க லட்டுத் திங்காக" என்பாள். பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் சொன்னார்கள். புருஷன்மார் அதை மைன்ஸுக்குக் கொண்டுபோனார்கள். நெய்வேலியில் எல்லாச் செய்தியும் ஷிப்ட் பஸ்ஸில்தான் போகும், வரும்.

ஒருநாள் பி ஷிப்டில் யாருக்கோ ஆண் குழந்தை பிறந்ததென்று இனிப்புக் கொடுத்தார்கள். தட்டு பரமசிவத்திடம் வந்ததும் கொடுத்தவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "லட்டு அண்ணனுக்குக் கிடையாது, அண்ணி வைவாங்க" என்றான். ஷிப்டு மொத்தமும் சிரித்தது. ஹெல்பர் பன்னீர்செல்வம் மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். மெஷின் மேலே ஏறிய பிறகும் பரமசிவத்துக்குக் காது சுட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை ஸ்டாண்டுகூடப் போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கியா?"

"ஆமா, சொன்னேன். உள்ளதத்தான் சொன்னேன்."

"நான் தொடலைட்டி. அந்த டாக்டரம்மா சொன்ன நாள்லருந்து ஒரு இனிப்பு, ஒரு பலகாரம் தொடலை."

"அப்ப சர்க்கரை என்ன, வானத்துலருந்தா இறங்குது உங்க ரத்தத்துக்குள்ள?"

"எனக்கென்ன தெரியும்? உன் எல ஒரு எழவும் செய்யலை. அதச் சொல்லு."

"ராஜாம்பா மாமனாருக்குக் கேக்குது. உங்களுக்கு மட்டும் கேக்காதோ? எலைமேல பழியப் போடாதீய."

 பரமசிவம் குரலைத் தாழ்த்தி, "முத்தாரம்மன் மேல சத்தியமாச் சொல்லுதேன், தொடலை" என்றார்.

குலசேகரப்பட்டினத்து முத்தாரம்மன். அவர்கள் இருவர் குடும்பமும் வருஷாவருஷம் தசராவுக்குப் போய் விழுந்து கும்பிடுகிற தெய்வம். அந்தப் பேரில் அவர் இதுவரை பொய் சொன்னதில்லை. நாகம்மாளுக்கு ஒரு கணம் தயக்கம் வரத்தான் செய்தது. ஆனால் அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய கோபத்தை ஒரு சத்தியத்துக்காக இடித்துப்போட யாருக்கு மனம் வரும்?

"சாமிய இதுல இழுக்காதீய" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை கஷாயத்தை மட்டும் குடித்தார், கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது மாதம் நாகம்மாளும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். அவர் வேண்டாம் என்றார். "வருவேன்" என்றாள். நல்ல சேலை கட்டி, பையில் ஒரு கட்டு சிரியாநங்கையும் எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா முன்னால் இரண்டில் ஒன்று தெரிந்துவிட வேண்டும். படித்தவள் கேட்கிற விதத்தில் கேட்டால் மனுஷன் உண்மையைக் கக்கிவிடுவார் என்று நம்பினாள். ஒத்துக்கொண்டு இனிமேல் வாயைக் கட்டினால் போதும், சீட்டு பிழைத்துவிடும்.

டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "என்ன பரமசிவம், போன மாசத்தைவிட அதிகமா இருக்கே?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நாகம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "நான் சொல்லுதேன் டாக்டர். இவுக கேண்டீன்ல திங்காக. நான் கேட்டா சத்தியம் பண்ணுதாக. நீங்களே கேளுங்க."

பரமசிவம் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியில சாப்பிடறதை அப்புறம் கேக்கறேம்மா. நீங்க உக்காருங்க. வீட்டுல என்ன கொடுக்கறீங்க? காலையிலேர்ந்து சொல்லுங்க."

இந்தக் கேள்விக்காகத்தானே வந்தாள். பையிலிருந்து கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "எந்திரிச்சதும் சிரியாநங்கைக் கசாயம் டாக்டர். ஒரு டம்ளர். ஒருநாள் தவறினதில்ல."

"சரி."

"அது இறங்கினதும் ஒரு துண்டு கருப்பட்டி."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "எவ்வளவு பெருசு?"

நாகம்மாள் விரலைக் குவித்துக் காட்டினாள். "பெரிய நெல்லிக்காய் அளவுக்கு. கசப்பு தாங்கலைன்னா இன்னொண்ணு."

"அப்புறம்?"

"அப்புறம் காப்பி. கருப்பட்டிக் காப்பிதான். சீனி எங்க வீட்டுலயே கிடையாது டாக்டர், டப்பாவையே கவுத்துட்டேன். மூணு வேளையும் காப்பி உண்டு. நைட் ஷிப்டுன்னா பிளாஸ்க்குல ஊத்திக் குடுத்து விடுவேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று நாகம்மாள் பிறகு பலமுறை நினைத்தாள்.

"ஏம்மா, கருப்பட்டியும் இனிப்புதானே? பனையில வந்தா என்ன, கரும்புல வந்தா என்ன, உள்ளே போனா ரத்தத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். சீனியை நிறுத்திட்டு அதைவிட அதிகமா இதைக் கொடுத்திருக்கீங்க."

"எங்க ஊர்ல பிள்ள பெத்தவளுக்கே அதத்தான டாக்டர் குடுப்போம்? உடம்புக்கு நல்லதுன்னுதான…"

"பிள்ளை பெத்தவளுக்குக் கொடுங்க. இவருக்குக் கொடுக்காதீங்க."

 நாகம்மாள் மேஜைமேல் கிடந்த இலைக்கட்டைத் தொட்டு, "அப்ப இந்த எலை?" என்றாள்.

"இலையை நான் குறை சொல்லலை. அது என்ன செய்யும்னு பார்க்கவே நீங்க விடலியே."

பிறகு மாத்திரை எழுதினாள். வேறொரு தாளிலும் எழுதினாள். நாகம்மாள் அதைப் பார்த்துப் பதறிப்போய், "ஒரே ஒரு மாசம் பொறுத்துக்கிடுங்க டாக்டர். தப்பு என்னோடது. மெஷின்லருந்து இறக்கிறாதீங்க" என்றாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி, "இந்த அளவோட நான் ஃபிட்னு கையெழுத்துப் போட்டு நாளைக்கு மேலே ஏதாவது ஆச்சுன்னா யாரும்மா பொறுப்பு? மூணு மாசம் கொடுத்தாச்சு" என்றாள். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

திரும்பும்போது பரமசிவம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். பின்னால் ஏறிக்கொள் என்று சொல்லவில்லை. நாகம்மாளால் சும்மா வர முடியவில்லை. சும்மா வந்தால் அழுதுவிடுவாள்.

"எனக்குத்தான் புத்தி இல்ல. நாலு இடம் போயி வார உங்களுக்காவது தோணிருக்க வேண்டாமா? நீங்களுந்தான கருப்பட்டி தின்னே வளந்தீய?"

 பிளாக் திரும்புகிற முனைக்கு வந்ததும் அவர் நின்றார்.

"ஏட்டி, முத்தாரம்மன் மேல சத்தியம் பண்ணினேன்லா?"

"ஆமா."

"அப்பவும் நீ நம்பலைல்லா."

அவ்வளவுதான் கேட்டார். மறுபடி சைக்கிளைத் தள்ளினார்.

யார்மேலாவது விழுந்து கடித்தால்தான் ஆறும்போல இருந்தது நாகம்மாளுக்கு. ராஜாம்பாள் வீட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்ட ராஜாம்பாள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள்.

"கருப்பட்டியா? இன்னாங்கக்கா இது! எங்க மாமனாரு வாயக்கூட கொப்புளிக்க மாட்டாரு. கசப்போடவே கயனிக்குப் போயிடுவாரு."

"அத முதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"பின்னால ஒண்ணும் துன்னக் கூடாதுன்னு யாராவது சொல்லிகினு இருப்பாங்களா? கசாயம்னா கசாயந்தான்னு நான் நெனச்சிகினு இருந்தேன். நீங்க இனிப்பு குடுத்துகினு இருப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்ததால் நாகம்மாளுக்கு எரிச்சல் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. சேத்தியாத்தோப்பு இலையையும் உடன்குடிக் கருப்பட்டியையும் ஒரே அடுப்படியில் சேர்த்துவைத்தவள் அவள்தான். வேறு யாரைப் பிடித்து உலுக்க முடியும்?

கெட்ட பேரையாவது துடைக்கலாம் என்று பார்த்தாள். முன்பு யார் யாரிடம் சொன்னாளோ அவர்களையெல்லாம் தேடிப் பிடித்து, "எங்க வீட்டு அவுக ஒரு தப்பும் பண்ணலை, நான் குடுத்த கருப்பட்டிதான்" என்று சொன்னாள். வேணுவின் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். எல்லோரும் அன்பாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லட்டுக் கதையைவிட இது இன்னும் நன்றாக இருந்தது அவர்களுக்கு. அந்த வாரமே ஷிப்ட் பஸ்ஸில் பரமசிவத்தின் பேர் கருப்பட்டி அண்ணன் ஆயிற்று. வாயைத் திறந்தும் கெடுத்தாள், திறந்து சரிசெய்யப் போயும் கெடுத்தாள்.

ஸ்டோர்ஸுக்கு ஆர்டர் வந்துவிட்டது. ஜெனரல் ஷிப்ட். காலையில் போனால் பொழுது சாயும்முன் வீட்டில் இருந்தார். ராத்திரி ஷிப்டே வேண்டாமென்று எத்தனையோ வருஷம் முத்தாரம்மனிடம் வேண்டிக்கொண்டவள் நாகம்மாள். இப்போது அவர் சாயங்காலம் முற்றத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. கஷாயம் தொடர்ந்தது. கருப்பட்டி இல்லாமல், காப்பியில் இனிப்பும் இல்லாமல். கொடுத்ததைக் குடித்தார். மாத்திரையையும் போட்டுக்கொண்டார். முகத்தைச் சுளிக்கவில்லை, கொல்லப் பார்க்கிறாயா என்று கேட்கவில்லை. ஏதாவது ஒரு வார்த்தை திட்டித் தொலைத்தால் என்ன இந்த மனுஷனுக்கு என்று இருந்தது அவளுக்கு.

ஒரு சாயங்காலம் பன்னீர்செல்வம் வந்தான். கம்மாபுரத்துக்காரன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். குடும்பத்து நிலம் மைன்ஸுக்குப் போய், அதற்கு வந்த வேலையில் ஹெல்பராக இருந்தவன். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, ஆர்டரு வந்துட்சிண்ணே. உங்க சீட்டுதான். இன்னா சொல்றதுன்னே தெரியல."

"இதுல சொல்ல என்ன கிடக்கு? உள்ள வா. மழைக்குக் களிமண்ணு பக்கெட்டுல அப்பும். அப்ப மட்டும் அவசரப்படாத."

"சரிண்ணே."

பன்னீர்செல்வத்தின் கையில் நூல் சுற்றிய ஒரு பொட்டலம் இருந்தது. கொடுக்கவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் அதைக் கைமாற்றிக்கொண்டிருந்தான். நெய் வாசனை வீட்டுக்குள் வந்துவிட்டது. "வூட்டுல சொன்னாங்கண்ணே, வெறுங்கையோட போவாதன்னு… லட்டு. நான் யோசிக்கவே இல்ல. திருப்பி எடுத்துகினு போயிடறேண்ணே" என்றான். பரமசிவம் எழுந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவன் தோளைத் தட்டினார். காப்பி குடிக்கச் சொன்னார். அவன் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகப் போய்விட்டான்.

பரமசிவம் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து நூலை அவிழ்த்தார். ஒரு லட்டை எடுத்தார். நாகம்மாள் நினைத்துச் செய்யவில்லை, அவள் கை தானாக முன்னால் நீண்டுவிட்டது, பிடுங்குவதற்கு.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு லட்டை அதே கையில் வைத்தார்.

"தின்னு."

"எனக்கு வேண்டாம்."

"தின்னுட்டி. பன்னீரு ஆசையாக் கொண்டாந்தது."

அவள் ஒரு விள்ளல் வாயில் போட்டாள். நல்ல லட்டு, முந்திரியெல்லாம் இருந்தது. 

"நீங்க…"

"நான் தொடலை" என்றார் பரமசிவம், பொட்டலத்தை மூடித் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்கால்மேல் விரித்து வைத்துக்கொண்டு. "நல்லாப் பாத்துக்க."

அவள் அந்த லட்டு முழுவதையும் தின்று முடிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை.